பூட்டிய கழிப்பறையும் காபிக் கடையும்

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, லிபியா வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம்.

ஜூஜுவாடி என்னும் ஊரிலுள்ள காபிக் கடையொன்றின் இணையதளத்தைப் புதுப்பிப்பதற்காக, அங்கே வரும் வாடிக்கையாளர்களின் தேவைகளை விசாரித்தேன். பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் யாவரும் முதலில் கேட்டது, அங்கே கழிப்பறை உண்டா என்பதே. பூட்டியிருந்ததைத் திறக்கச் செய்தேன். கறை படிந்த பீங்கானை ஒட்டிப் பால் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

“லேடீஸுக்குத் தனி வசதி இருக்குன்னு போட்டுடுங்க மேடம், எவ வந்து பாக்கப் போறா?” என்றார் முதலாளி ராஜப்பன்.

“நான் பார்த்துவிட்டேன்” என்றேன். அந்தப் பொய்யை எழுத மறுத்துவிட்டேன். இவ்வேலை போனாலும் வேறு கிடைக்கும், கவலை வேண்டாம்.

கருங்கல்லில் அரைத்த காபித்தூளும் இரண்டு தம்ளர்களும் அனுப்புங்கள். விடுதியில் எதிர் அறைப் பெண்ணைக் காபி குடிக்க அழைத்துப் பார்க்கிறேன்.

ராஜப்பன் மீண்டும் போனில் கூப்பிடுகிறார். என் பதில் மாறாது.

பணிவுடன்,
லிபியா