‘ஷிஃப்ட் பஸ்’ஸை வாசித்தது யார்?

நண்பா,

உன் மகள் நேற்று என் கைபேசிக்கு ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது நம் பழைய கேசட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாளாம். இரைச்சலை நீக்கி இணையத்தில் வெளியிடப்போகிறாள். “மாமா, ஆறு உருப்படி இருக்கு. எது அப்பா, எது நீங்கன்னு சொல்லுங்க, பேர் போடணும்” என்று கேட்டிருந்தாள். ஐந்தும் அவரவர் மெட்டு, உடனே சொல்லிவிட்டேன். ஆறாவது, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை நினைத்து நாம் இருவரும் சேர்ந்து மெட்டமைத்த ‘ஷிஃப்ட் பஸ்’. காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை.

சிரிக்காதே. வாசித்தவனுக்கே தெரியாதா என்று யாராவது கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? நம்மிடம் இருந்தது ஒரே சாக்ஸபோன், அதுவும் உன்னுடையது. நீ மைன்ஸில் பர்மனென்ட். நான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் ஆள். நீ ஷிஃப்டுக்குப் போனால் நான் ஊதுவேன், நான் போனால் நீ. உன்னிடமிருந்து நானும் என்னிடமிருந்து நீயும் திருடித் திருடி, மூச்சு வாங்கும் இடம்கூட ஒன்றாகிவிட்டது. “ஊதுறது அவரா, அண்ணனா?” என்று உன் மனைவியே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

கல்யாண வரவேற்புகளில் கூட்டம் சேருவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் நமக்கு ஜாஸ். அதன் பிறகு சினிமாப் பாட்டு. காலி நாற்காலிகளுக்கு வாசித்தே தேறினோம். மேல்பட்டாம்பாக்கத்தில் பெண்ணின் சித்தப்பா மேடைக்கே வந்து, “எவ்ளோ நேரம் டெஸ்ட் பண்ணிக்கினே இருப்பீங்க? பாட்டு வாசிங்க” என்றார். “இதோ முடிஞ்சிட்டுங்க” என்று பணிவாகச் சொல்லிவிட்டு நீ இன்னும் பத்து நிமிடம் ஊதினாய். எனக்குத்தான் வியர்த்தது.

இந்தக் கேசட்டைப் பதிவு செய்த அன்று கடலூர் ஸ்டுடியோவுக்கு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உன் பூட்ஸைக் கழற்ற நேரமாகும் என்று ஒலிப்பதிவாளர் உன்னை மட்டும் விட்டுவிட்டார். ‘ஷிஃப்ட் பஸ்’ஸை நீ ஒருமுறை, நான் ஒருமுறை வாசித்தோம். மெட்டு ஒன்றுதான், நடுவில் அவரவர் மனம் போன போக்கு. டேப் போதாமல் அவர் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார். எதை அழித்தார் என்று உனக்குத்தான் தெரியும். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

அந்தக் கேசட்டைக் கேட்ட ஒரு ஜாஸ் குழுத்தலைவர் சென்னையிலிருந்து உன் வீட்டுக்குப் போன் செய்தார். கடைசி உருப்படியை வாசித்தவர் வேண்டும், ஹோட்டலில் வாரத்தில் ஐந்து நாள் வாசிப்பு, ரெக்கார்டிங் வேலையும் உண்டு என்றார். நீ ரிசீவரை என்னிடம் நீட்டி, “உன்னையத்தான் கேக்காங்க” என்றாய்.

“நெசமாவா? அது நானாடா?”

“நீதாம்ல. இதுகூடவா தெரியல?”

நம்பினேன். நம்ப வேண்டும் என்று வெறியாக இருந்தது. கிளம்பும் நாளில் சாக்ஸபோன் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றினாய். “நீ என்னா பண்ணுவ?” என்றேன். “எனக்குப் பர்மனென்ட் இருக்குல்லா. போய் ஊது” என்றாய். அதன் பிறகு நீ வேறொன்று வாங்கவே இல்லை. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்று ஹெட்போனில், கேசட்டில் அமுங்கிக் கிடந்த ஒரு சத்தம் கேட்டது. தாளத்துக்குத் தரையைத் தட்டும் கால். கனமான பூட்ஸ் கால். நான் அன்று வெறுங்காலோடு நின்றவன். நீதான் என்று துள்ளி எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்திலேயே குழப்பம். நான் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று தாளம் தட்டுவதும் நீதானே?

உன் மகளை அழைத்து உன் பெயரைப் போடச் சொன்னேன். “இல்ல மாமா, மத்தது தெரியாமத்தான் கேட்டேன். அது நீங்கதான்னு அப்பா கடைசிவரைக்கும் சொல்வாரு. ஆஸ்பத்திரியில அதைத்தான் போடச் சொல்லிக் கேட்டாரு” என்றாள். அங்கே படுத்துக்கொண்டு என்னைக் கேட்டாயா, உன்னையே கேட்டுக்கொண்டாயா?

ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. சென்னையில் எல்லோரும் ‘ஷிஃப்ட் பஸ்’ஸைக் கேசட்டில் உள்ளபடியே கேட்டார்கள். மனம் போன போக்கில் ஊதியதை எப்படித் திரும்ப ஊதுவது? கேசட்டைப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு சுரத்தையும் மூச்சையும் நெட்டுருப் போட்டேன். என் பெயரில் வந்த இசைத்தட்டுகளிலும் அப்படியேதான் இருக்கிறது. அது நீ என்றால், இத்தனை வருடமாகக் கைதட்டல் வாங்கியது உன் மூச்சு. நான் என்றால், உண்மையைச் சொன்னவனை, செத்த பிறகு சந்தேகப்படுகிறேன். எப்படிப் பார்த்தாலும் அழுகைதான் வருகிறது.

சனிக்கிழமை கச்சேரி. கேட்பார்கள், வாசிப்பேன். மூச்சு யாருடையதாக இருந்தாலும் இனி அதை இறக்கி வைக்க இந்தச் சாக்ஸபோனை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. உன் மகள் எவ்வளவோ மறுத்தாள். அதட்டி உன் பெயரையே போட வைத்துவிட்டேன்.

தப்பென்றால் வந்து சண்டை போடுடா.