ஒரே சொல்லில் இரண்டு சூட்

இன்று காலை கடையில் ஒரு கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். ஈரக் கம்பளித் துணியிலிருந்து ஆவி எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ வக்கீலான அன்று போட்டிருந்த கோட்டும் நான் தைத்ததுதான்.

அப்புறம் ஒரு நாள், பிரேசர் டவுனில் நான் வாடகைக்கு இருக்கும் இதே கடைக்கு, சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கட்டட உரிமையாளர் தன் பூட்டைப் போட்டுவிட்டார். பள்ளித் தோழியான உன்னிடம்தான் ஓடிவந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சூட் போடலாம்" என்றாய்.

"கடையே போச்சு, இப்ப யாருக்குடி சூட்?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் என் அழுகை நின்றுவிட்டது.

"அந்த சூட் இல்லடி, சிவில் வழக்கு. ஆனா ரெண்டும் ஒரே வார்த்தைதான். லத்தீன்ல பின்தொடர்றதுன்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கோட்டும் பேன்ட்டும் ஒரே துணியில ஒண்ணு பின்னால ஒண்ணு வந்தா சூட். உரிமை பின்னாலயே விடாம போனா, அதுவும் சூட். நீ பாதியில நின்னுடாதே."

வழக்கு நீண்டது. வாய்தா மேல் வாய்தா. அதற்குள் உனக்கு நோய் வந்து முற்றியது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, "விட்டுடலாம்டி, வேற இடம் பாத்துக்கறேன்" என்றேன்.

"சும்னே பேசாதே. நாளைக்கு உன் சாட்சியம். போய்ச் சொல்லிட்டு வா" என்று கன்னடம் கலந்து அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

போனேன். உன் அலுவலகத் தோழர் வழக்கை நடத்தினார். நானே காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சாதித்தார். காலி செய்தவள் வாடிக்கையாளர்களின் கோட்டுகளைத் தொங்கவிட்டு, மெஷினில் பாதி தைத்த துணியையும் விட்டுப் போவாளா என்று கன்னடத்தில் கேட்டேன். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் கடையைத் திறக்கவைத்துப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தன.

தீர்ப்பு வருவதற்குள் நீ போய்விட்டாய். கடையை என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. நீதிமன்ற ஊழியர் பூட்டை உடைத்தபோது தெருவே கூடி நின்றது. எதிர் பேக்கரிக்காரர் எல்லோருக்கும் சுடச்சுட பன் கொடுத்தார். நான் மெஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தேன்.

போன வாரம், என் கடையிலிருந்து மூன்றாவது கடையில் வளையல் விற்கும் அம்மா கலங்கிப்போய் வந்தார். "எனக்கும் பூட்டுப் போடுவேன்னு மிரட்டறாங்கம்மா. அவங்க பெரிய ஆளுங்க. நாம என்ன பண்ண முடியும்?"

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட் படியேறினேன். எந்த அறை எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.