உன் முறைக்கு நான் வாங்கிய பாண்

இதை எழுதும்போதே, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் என் கைப்பையிலிருந்து பாண் வாசம் வருகிறது. உள்ளே டிஷ்யூவில் சுற்றி, பேக்கரிப் பாணின் கருகிய முனை ஒன்று இருக்கிறது. திருடிக்கொண்டு வந்தது. சிரிக்காதே, உனக்காகத்தான் திருடினது.

உன் மகளுக்கு டீச்சர் நியமனம் கிடைத்திருக்கிறது. ஆமாடி, அந்த மூக்கொழுகிதான். அந்தச் சந்தோஷத்தில் நேற்று என்னைப் பண்டாரவளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாக ஒரு பேக்கரியாம், உட்கார்ந்து எவ்வளவு பாண் வேண்டுமானாலும் தின்னலாமாம். "பாண் தின்னவா பஸ் ஏறிப் போகணும்? பொறந்ததிலருந்து அதைத்தானே தின்னுறோம்" என்றேன். "வாங்க சித்தி, இது வேற மாதிரி" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு மாதிரிதான். கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி, நீள மேசையில் கூடை கூடையாகப் பாண். எள்ளு தூவியது, பூண்டு தடவியது, திராட்சை வைத்தது, அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறாதது. பக்கத்தில் சூப்பு, பட்டர், நம்ம மிளகாய்க் கட்டச்சம்பல்கூட. நீ பார்த்திருந்தால் சிரித்தே அந்த இடத்தை இரண்டாக்கியிருப்பாய். "பாணைக் கண்டுபிடிச்சவன் கட்டாயம் நம்ம பெரட்டுக்கு வந்தவன்தான்டி" என்பாயே. விடிகாலையில் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில், நின்ற வாக்கில் விழுங்க நமக்கு வேறென்ன இருந்தது? சுவரில் ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். உன் மகள் வாசித்துச் சொன்னாள். எவ்வளவும் சாப்பிடலாம், ஆனால் ஒரு துண்டும் வெளியே கொண்டு போகக் கூடாதாம்.

என்னை உட்கார வைத்துவிட்டு அவளே போய் எடுத்து வந்தாள். வந்ததும் முதல் வேலையாக, கருகக் கருக இருந்த முனையைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள். "போனவளுக்குத்தானே முனை, சித்தி?"

எடுத்த சூப்புக் கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அது உன் சட்டம். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். சந்திக் கடையில் பாண் வாங்க ஒரு நாள் நீ, ஒரு நாள் நான், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருத்தி. விடியும்போதே நீ சுவரில் மூன்று தட்டு தட்டுவாய். "எழும்புடி, இன்னிக்கு ஒன் முறை." ஏற்றத்தில் சுமந்து வந்தவளுக்குக் கூலி அந்தச் சூட்டு முனை. கெஞ்சினாலும் தரமாட்டாய். "மேடு ஏறினது ஒன் காலா, என் காலா?"

அன்றைக்கு உன் முறை. ஒரு கிழமையாக விடாத மழை. உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீ படி இறங்கிவிட்டாய். நான்தான் ஓடிவந்து பையைப் பிடுங்கினேன். சந்தியில்தான் சிக்னல் கிடைக்கும். கொழும்பில் இருந்த என் வீட்டுக்காரரோடு மாமியார் காதில் விழாமல் நாலு வார்த்தை பேச வேண்டும். இவ்வளவுதான்டி காரணம்.

"என்ன திடீர் அக்கறை? முனைக்கு ஆசையா?" என்றாய்.

"முனை ஒனக்குத்தான். கொண்டாந்து தாரேன், உள்ள போ."

அப்போது உன் மகளுக்கு ஆறு வயது. நானும் வாரேன் என்று பின்னாலேயே ஓடிவந்தாள். "கூட்டிட்டுப் போ, தொல்லை விட்டுச்சு" என்று சாக்கை அவள் தலையில் போட்டாய். அதன்பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அவர் போனை எடுக்கவே இல்லை. பாணை வாங்கி, சொன்ன சொல்லுக்காக முனையைப் பிய்த்துக் காகிதத்தில் சுற்றினேன். பிள்ளை கேட்டு அழுதாள். "அது அம்மாவோடது" என்று அதட்டினேன். பாதி மேட்டில் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பினால் லயம் இல்லை. மேலே இருந்த மலை கீழே வந்து கிடந்தது. மாமியாரை மூன்றாம் நாள் எடுத்தார்கள். உன்னைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

பதினைந்து வருஷமாகத் தோட்டமே சொல்கிறது, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றி வளர்த்தது நான்தான் என்று. அவளும் அப்படித்தான் சொல்லித் திரிகிறாள். நான் வாய் திறந்ததில்லை. நீ போயிருந்தால் பிள்ளை உன் பின்னால் ஓடியிருக்கும். தாயும் பிள்ளையும் தப்பியிருப்பீர்கள், மண்ணுக்குள் நான் கிடந்திருப்பேன். இப்போது தனி வீடு கட்டித் தந்திருக்கிறார்கள், ஒட்டுச்சுவர் கிடையாது. ஆனாலும் மழை பெய்கிற விடிகாலைகளில் மூன்று தட்டு கேட்கும். போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

நேற்று அந்த முனையைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அன்னிக்கு ஒங்கம்மா முறை. நான்தான் பையைப் புடுங்கினேன்."

அவள் பட்டர் கத்தியைக் கீழே வைத்தாள். சூட்டுப் பாண் கொண்டுவந்த பையனைத் தலையசைத்து அனுப்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"காகிதத்துல சுத்தி வச்சீங்களே, அந்த முனை... நம்மள பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்கல்ல, நீங்க அம்மாவைத் தேடிப் போயிருந்தீங்க. எனக்குப் பசி. நான் தின்னுட்டேன் சித்தி. அம்மா வந்து எங்கடி என் முனைன்னு கேக்குற மாதிரி இன்னமும் கெனா வருது."

அது சேற்றில் விழுந்துவிட்டது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்டி. ஆறு வயதுப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு என் பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பாவி நான், ஏன் அழுகிறாய் என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த முனையை டிஷ்யூவில் சுற்றினாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், மேசைக்கடியில் என் கையில் திணித்தாள். "மேசையிலருந்து எடுத்துட்டு வந்தது நான், முனை என்னோடது. அம்மாவுக்குக் குடுத்துருங்க." அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

திரும்பும்போது சந்தியில் நான் மட்டும் இறங்கினேன். பழைய லயத்துக்கு ஏறும் நம் பாதையில் ஆள் உயரத்துக்கு மானா புல். அபாயம் என்று ஒரு பலகை. அதற்கு மேல் கால் எடுத்து வைக்க எனக்குப் பயம். பையை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று விடியும்போது மழை. தட்டினாய். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை.

முனை காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மேட்டுக்கு என்னால் வர முடியாதுடி. கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறேன். நீ வந்து வாங்கிக்கொள். அன்றைக்கு நான் பிடுங்கிய முறை இன்னும் உன்னுடையதுதான்.