யோனாவுக்கு மட்டும் உரை இல்லை

அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் நண்பரின் மனைவி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கல்லூரி நூலகர் சொன்னார். இப்போது நடக்க முடிகிறதா? படி ஏறும்போது அவசரப்படாதீர்கள். நிதானம் என்பது உங்கள் பிறவியிலேயே கிடையாது.

இங்கே செய்தி நல்லதில்லை. சில மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புரிகிறது. இடது கை எழவில்லை. அதைவிடக் கொடுமை, அவருக்கு இடப்பக்கம் என்று ஒன்றே இல்லாமல் போய்விட்டது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்கிறார். நான் தட்டைத் திருப்பி வைக்கிறேன். தமிழில் வரியின் தொடக்கம் அவர் கண்ணில் படுவதில்லை. எபிரெய வேதம் வலப்பக்கத்திலிருந்து போவதால் தொடக்கம் படுகிறது, முடிவு படுவதில்லை. மீதி வசனத்தை நினைவிலிருந்து சொல்லப் பார்க்கிறார். வராத நாட்களில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இரண்டு பேரும் சேர்ந்து எழுதத் தொடங்கிய விளக்கவுரை என்னவாயிற்று என்று நீங்கள் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். வேதத்தின் பன்னிரண்டு சிறு தீர்க்கதரிசிகளின் புத்தகங்களையும் ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டு, எங்கள் சாப்பாட்டு மேசையைச் சாப்பிட விடாமல் ஆக்கிரமித்திருந்தீர்களே, அந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நெட்டையான இவரைப் பெரிய தீர்க்கதரிசி என்றும், உங்களைச் சிறு தீர்க்கதரிசி என்றும் மாணவர்கள் கூப்பிட்டார்கள். "சின்னது புத்தகம்தான் தங்கச்சி, ஆள் இல்ல" என்று நீங்கள்தான் கணக்கு டீச்சரான எனக்கு விளக்கினீர்கள்.

அப்புறம் அந்தக் கருத்தரங்கு. யோனாவின் கதையைக் கேட்பவர்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள் படித்தபோது, இவர் எழுந்து நின்று, "இது வேதமா, வேடிக்கையா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நீங்கள் தாள்களை மடித்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அந்த வருடமே வெளிநாட்டு வேலையை ஒத்துக்கொண்டீர்கள்.

உங்கள் பங்கையும் இவரே எழுத உட்கார்ந்தார். ஓசியா, ஆமோஸ், மீகா என்று ஒவ்வொன்றாக முடித்தார். யோனாவை மட்டும் தொடவில்லை. இருப்பதோ நாலே அதிகாரம். ஏன் என்று கேட்டால், "அது அவனோடது" என்பார். அது கோபமா மரியாதையா என்று, இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்கே பிடிபடவில்லை.

போன வாரம் கல்லூரி முதல்வர் வந்தார். இருப்பதை அச்சுக்குக் கொடுத்துவிடலாம், யோனாவை வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார், பக்குவமாகத்தான். இவர் வலது கையால் மேசையை அறைந்தார். டம்ளர் உருண்டு முதல்வரின் மடியெல்லாம் காப்பி. பாவம் அந்த மனிதர், எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நூலகரிடம் சொல்லி, உங்கள் பழைய கட்டுரையை வாங்கி வந்தேன். கேட்க மாட்டார் என்ற பயத்திலேயே உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். எதிரி ஊர் திருந்தி அழிவுக்குத் தப்பிவிட்டதே என்று தீர்க்கதரிசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செடி நிழலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அண்ணா, அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதுதான் முதல் தடவை. வாய் கோணிய சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு.

அடுத்த பக்கத்தில், ஊர்க்காரர்களின் தீமைக்கு வரும் அதே எபிரெயச் சொல்தான் யோனாவின் எரிச்சலுக்கும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரை விட்டுப் போன தீமை தீர்க்கதரிசியிடம் வந்து ஒட்டிக்கொண்டது என்று. அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த வரியை மறுபடி படிக்க வைத்தார். பிறகு, "என்கிட்ட ஒட்டிக்கிச்சு" என்றார். "அவன் சொன்னது சரிதான். அவனைக் கூப்பிடு. அவன் எழுதட்டும், நான் கேட்டுக்கறேன்" என்றார்.

இதை அவர் நல்ல உடம்போடு சொல்லியிருக்கக் கூடாதா? எதிரெதிரே உட்கார்ந்து, அடித்துக்கொண்டாவது, சேர்ந்து முடித்திருக்கக் கூடாதா? இனி அவரால் ஒரு பக்கத்தை முழுசாகப் பார்க்க முடியாதே.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றார்.

உங்கள் காலும் வேலையும் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எழுதுகிறேன். மனசு ஒப்பவில்லை என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு எழுதுவதாக மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். "வருவானா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இல்லாததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தை அனுப்புங்கள் அண்ணா, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும்.

உங்கள் தங்கச்சி