உன் அறைக்கு எந்த வெளிர்நிறம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்த மாதம் நீங்கள் வருவதற்குள் உன் அறைக்கு வர்ணம் அடிக்கலாம் என்று ஆரம்பித்தோம். பெயின்டர் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு இரண்டு நிறம் தீட்டிக் காட்டினார், இடது பக்கம் வெண்ணெய் நிறம், வலது பக்கம் முத்து வெள்ளை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அம்மாவோ இடதுதான் வேண்டும், வலது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். இல்லாத வித்தியாசத்தை உண்டாக்காதே என்று நான் சொல்லப்போய்ப் பேச்சு முற்றிவிட்டது. சரி, நாலு பேரை விசாரிப்போம் என்று எதிர்வீட்டு டீச்சர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், துணியின் நிறம் பார்த்தே பழகிய மாடிவீட்டுத் தையல்காரர் என்று வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூவரும் இரண்டு நிறம் என்றார்கள். “எல்லாரையும் முன்னாடியே பேசி வச்சிருக்கியா?” என்று அம்மாவைக் கேட்டேன்.

அதுவரை சும்மா இருந்த பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, “சார், கோளாறு டப்பாவுல இல்ல, உங்க கண்ணுல. எங்க மாமாவும் இப்படித்தான் அடம் புடிச்சாரு. டாக்டரைப் பாத்துட்டு வாங்க, அதுவரைக்கும் பிரஷ்ஷை நனைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு கண்ணிலும் புரை, இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை மங்கிக்கொண்டே போகும் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை இடது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபப்படாதே, சொன்னால் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருப்பாய். பயந்துகொண்டுதான் போனேன், கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது அம்மாவின் முகம். இவ்வளவு நரை எப்போது வந்தது என்று கேட்டுவிட்டேன், அதனால் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாகியும் காபி வரவில்லை.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் அறைக்குத்தான் போனேன். இரண்டு நிறம்தான் பாப்பா, சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அம்மா ஜெயித்த சந்தோஷத்தில் பெயின்டருக்கு போன் போட்டு, நாளைக்கே இடது பக்க நிறத்தை அடிக்கலாம் என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். நன்றாகப் பார்த்த பிறகு எனக்கு வலதுதான் பிடித்திருக்கிறது. பெயின்டர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. இதுவரை போட்டது சண்டையே இல்லை, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, நீ வந்துதான் தீர்க்க வேண்டும்.

அடுத்த கண்ணுக்குப் பதினைந்து நாளில் தேதி, கவலைப்படாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், குழந்தைக்கு எங்கள் முத்தம். டாக்டர் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார், வரும்போது ஒன்று வாங்கி வா. எந்தக் கறுப்பு என்று மட்டும் எங்களைக் கேட்காதே.

ஆசிகளுடன்,
அப்பா