நிலாணியின் காசு

20 ஜூலை 1995, வியாழன்

மகள் நிலாணிக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் பிள்ளைக்காசு வரவில்லை. என் சம்பளமும் அந்தச் செக்கும் சேர்ந்தால்தான் இந்த பேஸ்மென்ற் வாடகை. நான் மெயில் பொக்ஸைத் திரும்பத் திரும்பத் திறப்பதை மேலே இருக்கும் வீட்டுக்காரி மக்டலீன் அன்ரி கண்டுவிட்டா. "தம்பி மொன்றியலிலை சுகமோ?" என்று கேட்டா. "ஓம் அன்ரி, வேலை கூட," என்றேன். என் மனுசன் போன நாளிலிருந்து இதே பொய்தான்.

24 ஜூலை

வரிக்கணக்கு நிரப்பித் தரும் நவரட்ணம் அண்ணையிடம் போனேன். "உம்மடை மனுசன் போன வருசக் கணக்குக் குடுக்கேல்லை. ரெண்டு பேரும் குடுத்தால்தான் பிள்ளைக்காசு வரும்." அவருடைய விலாசமே தெரியாது என்று சொல்லவேண்டி வந்தது. அண்ணை பேனையை வைத்துவிட்டார். "அப்ப பிரிஞ்சிருக்கிறம் எண்டு எழுதவேணும் தங்கச்சி. உம்மை அறிஞ்ச ரெண்டு பேர் அதுக்குக் கடிதம் தரவேணும்."

பிரிந்து — நான் எங்கே பிரிந்தேன்? அந்தாள்தானே போனது.

25 ஜூலை

இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம். இரண்டு பேர் இல்லை எனக்கு.

13 ஓகஸ்ட்

வாடகை பிந்திப் போச்சு. நிலாணிக்குப் பால், எனக்குப் பாலில்லாத பிளேன்ரீ. எழுதிக் குடுக்காவிட்டால் மானம் மிஞ்சும். அதை வச்சுப் பிள்ளைக்கு என்னத்தைச் சமைக்கிறது?

14 ஓகஸ்ட்

மேலே போய் அவர் விட்டுப் போனதைச் சொன்னேன். அன்ரி கறி கிளறுவதை நிறுத்தவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். நீராவே சொல்லுவீர் எண்டு இருந்தனான்."

தெரிந்துகொண்டுதானா ஒவ்வொரு முறையும் "தம்பி சுகமோ" என்று கேட்டா? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகு அங்கேயே, அவவின் குசினிக்குள் நின்று அழுதேன். கடிதம் எழுதித் தந்தா.

11 செப்டெம்பர்

மற்றக் கடிதம் நிலாணியின் போன வருட ரீச்சர் தந்தா. பெற்றோர் கூட்டத்துக்கு நான் மட்டும்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறா.

20 நவம்பர்

ஜூலையிலிருந்து வராத பிள்ளைக்காசு எல்லாம் சேர்ந்து வந்தது. வாடகைப் பாக்கி முடிந்தது. பிள்ளைக்குப் பனிச்சப்பாத்து வாங்கலாம்.

26 நவம்பர், ஞாயிறு

ஃபோன் அடித்தது. அவர். இந்தக் குரலுக்காக எத்தனை நாள் ஃபோனுக்குப் பக்கத்திலேயே படுத்தேன்.

"பிள்ளைக்காசு மொத்தமா வந்ததாம் எண்டு கேள்விப்பட்டன். எனக்கு இஞ்சை கொஞ்சம் இறுக்கம்."

நிலாணியைப் பற்றிக் கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "அது பிள்ளையின்ரை காசு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"ஆரம்மா?"

"அப்பா. இனி வரமாட்டார் பிள்ளை."

அரசாங்கத்துக்குச் சொன்னேன், அன்ரிக்குச் சொன்னேன், ரீச்சருக்குச் சொன்னேன். அவளுக்குத்தான் கடைசியாகச் சொன்னேன்.