ஐந்து மில்லியும் நான்கு மில்லியும்

2007 ஜனவரி 9, செவ்வாய்
இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண்டி ஆஸ்பத்திரியில் என் மனைவி கிருஷ்ணம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று மாத்தளையிலிருந்து ஸரீனா நர்ஸ் இரத்தோட்டைக்கு வந்தார். குணமாகாத நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கிறார்களாம். இனி செவ்வாய்தோறும் வருவார். வந்ததும் என்னிடம் பேசவில்லை. "ஒங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்று அவளைத்தான் கேட்டார்.

"தலை குளிக்கணும்."

படுக்கையிலேயே குளிப்பாட்டினார். மூன்று மாதத்தில் இதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

வலிக்கு மோர்பின் பாணி மருந்து, குடிக்க. நான்கு மணிக்கொரு தடவை ஐந்து மில்லி. அளக்க ஒரு சின்னக் கப்.

ஜனவரி 11
நான் நான்குதான் கொடுக்கிறேன். மிச்சம் ஒரு மில்லி பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குப் போகிறது. தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எண்பத்து மூன்று கலவரத்திலும் எண்பத்தொன்பது கலகத்திலும் பாதை மூடியபோது லயத்து வீடுகளுக்கெல்லாம் சோறு போட்டது நான் ஒதுக்கி வைத்த அரிசிதான். இப்போதும் யுத்தம், ஊரெல்லாம் ஆமி செக்பொயின்ட். நாளைக்கு ஸரீனா வர முடியாமல் போனால்? அப்போது வலி இன்னும் கூடியிருக்குமே?

ஜனவரி 16
ஸரீனா வந்தார். வலி எப்படி என்று கேட்டார். "பரவாயில்ல தங்கச்சி" என்றாள் கிருஷ்ணம்மா. அது பொய். கட்டில் சட்டத்தைப் பிடித்த கை விடவே இல்லை. நான் கப்பைக் கழுவப் போனேன்.

ஜனவரி 19
இன்று முழுக்கச் சுவர்ப் பக்கமே திரும்பிக் கிடந்தாள்.

ஜனவரி 23
மருந்துக்கு வலி கேட்கவில்லையே, டாக்டரிடம் சொல்லிக் கூட்ட வேண்டும் என்றார் ஸரீனா. அப்போதுதான் கிருஷ்ணம்மா சொன்னாள்: "மருந்துக்கு வலி கேக்கும் தங்கச்சி. அவரு கொஞ்சம் கொறச்சுக் குடுக்கிறாரு. எடுத்து வைக்காட்டி அவருக்கு மனசு ஆறாது."

தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஏன்டி சொல்லல?

அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்து வைத்தேன். ஸரீனா ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "வலிக்கு முன்னாடி மருந்து போகணும் ஐயா. வலி வந்த பொறகு தொரத்துறது கஷ்டம்" என்றார்.

"ரோட்டு மூடினா?"

ஸரீனா பையிலிருந்து சீல் உடைக்காத இன்னொரு மருந்துப் போத்தலை எடுத்தார். "ஒதுக்கி வைக்க இத நான் தாறேன். கப்புல மட்டும் கை வைக்காதீங்க."

ஹோர்லிக்ஸ் போத்தலை அவரே கொண்டுபோனார். எண்பது மில்லி இருக்கும். அவ்வளவும் அவள் பட்ட வலி. என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

ஜனவரி 27
ஐந்து. கிருஷ்ணம்மா எழுந்து உட்கார்ந்தாள். பருப்பில் உப்பில்லை, மாசிச் சம்பல் இடிக்கக் கூடத் தெரியாதா என்று ஏசினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கிடைத்த ஏச்சு. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு, "எனக்கு எல்லாம் தெரியும். கண்டியில டாக்டர் என்னைய பாக்காம ஒங்களப் பாத்துப் பேசுனாரே, அப்பவே தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் ஒளிக்காமல் பேசினோம். கடைசியில் அவளுக்கு எந்தச் சேலை உடுத்த வேண்டும் என்பது வரைக்கும்.

பெப்ரவரி 6
பாதை மூடிவிட்டது. மூடியது ஆமி இல்லை, மழை. மண் சரிந்து மாத்தளை பஸ் வரவில்லை. ஸரீனா போனில் பேசினார். சீல் போத்தலை உடைத்தேன். ஐந்து. குறைக்கவில்லை.

பெப்ரவரி 9
பாதை திறந்தது. ஸரீனா வந்தார், காலெல்லாம் சேறு.

பெப்ரவரி 22
காலை ஆறரைக்குக் கிருஷ்ணம்மா போய்விட்டாள். முகத்தில் வலி இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடிக்கவில்லை, என் கையைத்தான் பிடித்திருந்தாள்.

மார்ச் 6, செவ்வாய்
வாசலில் ஸரீனா. மிஞ்சிய மருந்துக்காக வந்திருக்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இங்க இனி நோயாளி இல்லையே நர்ஸ்."

"இன்னைக்கு ஒங்களத்தான் பாக்க வந்தேன். ஒங்களுக்கு என்ன வேணும் ஐயா?"

வெகுநேரம் அழுதேன். அவர் எழும்பவில்லை. பிறகு, அடுத்த செவ்வாயும் வருவீர்களா என்று கேட்டேன்.

வருவாராம்.